வெள்ளைப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும்

நம் வயதில் யாரும் சாப்பாட்டு மேசையில் பொம்மைக் கார் பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. உங்களுக்கெல்லாம் முழங்கால் வலியும் சர்க்கரை அளவும் பேச்சுத் துணையாக இருக்கின்றன. எனக்கும் அதெல்லாம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாரமாக என் மேசையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. மனைவி தட்டை எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இப்போது டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

ஒன்று வெள்ளைப் பெட்டி, இன்னொன்று மஞ்சள் பெட்டி. இரண்டும் வேறு வேறு ஜப்பான் கம்பெனிக்காரர்கள் செய்தவை. உள்ளே இருப்பது ஒரே கார், துண்டு துண்டாக ஒட்டிக் கட்ட வேண்டியது. இரண்டு கதவு, நீள மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. நம் சின்ன வயதில் கோலாலம்பூர் சாலையில் அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே கணக்குதான் அச்சடித்திருக்கும்: நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு.

போன வாரம் பெட்டாலிங் ஜெயாவில் மனைவிக்குக் கண் பரிசோதனை. காத்திருந்த நேரத்தில் அந்த மாலில் சும்மா சுற்றியபோது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழைய அச்சிலேயே திரும்பவும் போடுகிறார்களாம். கடைக்காரத் தம்பி நல்ல பையன். நான் மஞ்சளைக் கையில் எடுத்ததும் ஓடி வந்தான்.

"அங்கிள், வெள்ளை பாக்ஸ் எடுங்க லா. மஞ்சள் ஷேப் அவுட். உள்ள மோட்டர் வைக்கிறதுக்காக மூக்க குட்ட பண்ணிட்டான். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், பதினைந்து வயதில், இரட்டைச் சடையோடு இருந்த என் அக்காவுக்கு. நான் இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா அப்போது மூன்றாம் படிவம். வகுப்பில் முதலாவது வந்தால் கைக்கடிகாரம் என்று அப்பா சொல்லியிருந்தார். முதலாவது வந்துவிட்டு, கடிகாரம் வேண்டாம், கடையில் தொங்கும் வெள்ளைப் பெட்டி வேண்டும் என்றாள். "பொம்பளப் புள்ளைக்கு வெளயாட காடியா?" என்று அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தார். அப்பா வாங்கிக் கொடுத்தார். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மகள் திருகு, ஆணி, சக்கரம் என்று கேட்பது அவருக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

அவள் அதைக் கட்டிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு துண்டையும் நகவெட்டியால் நறுக்குவாள். நறுக்கிய இடத்தைத் தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் மெதுவாகத் தேய்ப்பாள். பசையைத் தீக்குச்சி முனையில் எடுப்பாள். வீட்டில் சாம்பார் வாசனையையும் தாண்டிக்கொண்டு அந்தப் பசை வாசனை அடிக்கும், தலை வலிக்கும், இருந்தாலும் நான் மூக்கை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தொட விடமாட்டாள். "நீ பாரு, போதும்" என்பாள். ஒரு நாளைக்கு மூன்று துண்டுக்கு மேல் ஒட்ட மாட்டாள்.

எனக்குப் பத்து வயது. எனக்கும் வேண்டும் என்று அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தேன். அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமன், கிள்ளானில் கார் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். அவர் காதுக்குச் செய்தி போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மஞ்சள் பெட்டியோடு வந்து இறங்கினார். "மருமகன் அழலாமா?" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டு, அன்று மத்தியானமே இரண்டு பேரும் ஒட்டித் தள்ளிவிட்டோம். கண்ணாடியில் என் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. ஒரு கதவு கொஞ்சம் தூக்கலாக நின்றது. ஆனால் என்னுடையதில் மோட்டர் இருந்தது. இரண்டு பேட்டரி போட்டுவிட்டால் சிமெண்டுத் தரையில் விர்ரென்று ஓடிக் குசினிச் சுவரில் முட்டும். குவாட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாரும் என் காரைத்தான் பார்க்க வந்தார்கள். அக்காவின் கார் ஓடாது. சாயம்கூடப் பூசாமல் வெள்ளையாக அலமாரி மேல் நின்றது.

இரண்டையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என்னுடையது மூக்கு குட்டையாகத் தெரிந்தது.

"ஒன்னோடது தப்பு" என்றாள் அக்கா.

"ஒன்னோடதுதான் தப்பு. ஒனக்கு ஓடவே ஓடாது" என்றேன் நான்.

அப்பா பட்டறையில் மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கும் வெர்னியரை எடுத்து வந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்திருப்பார், அம்மாகூட அதைத் தொடக் கூடாது. அக்கா மட்டும் தொடலாம். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து மூக்கு நுனி வரைக்கும் அவள்தான் அளந்தாள். வெள்ளையில் முப்பத்தேழு மில்லிமீட்டர். மஞ்சளில் முப்பத்து மூன்று. "ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்று அப்பா சிரித்தார். எது பொய் சொல்லுகிறது என்று கண்டுபிடிக்க நிஜக் கார் வேண்டும். நிஜக் கார் மாமாவின் ஒர்க் ஷாப்பில் இருந்தது.

அந்த நேரத்தில் இன்னொரு விஷயமும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் படிவப் பரீட்சை எழுதி முடித்திருந்த அக்காவுக்கு டெக்னிக்கல் ஸ்கூலுக்குப் போக ஆசை. விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தாள். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வருஷக் கடைசி லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சம்மதமில்லை. அப்பா பேனாவைத் தேடுவதாகச் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். ஆனால் போட்டுவிடுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்வே பாஸில் குடும்பத்தோடு கிள்ளானுக்குப் போனோம். இரண்டு கார்களும் பிஸ்கட் டின்னுக்குள் பழைய துணி சுற்றிப் பயணம் செய்தன. அக்கா டின்னை மடியை விட்டு இறக்கவே இல்லை.

மாமாவின் ஒர்க் ஷாப் தகரக் கூரை. தின்னர் வாசனை, தகட்டில் பூசித் தேய்த்த பட்டியின் தூசி, நாலு பக்கமும் திறந்திருந்தாலும் புழுக்கம். பின்பக்கத் திடலில் பாதிக் கார்கள் அடுக்கியிருக்கும். ஜப்பானில் கழித்துப்போட்ட கார்களைக் குறுக்கே அறுத்து, என்ஜினோடு முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். ஹாஃப் கட் என்று பெயர். என்ஜினைக் கழற்றிக்கொண்டு கூட்டைப் பழைய இரும்புக்குப் போடுவது மாமாவின் வழக்கம். நாங்கள் அந்தப் பாதிக் கார்களில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சுற்றி விளையாடியிருக்கிறோம். பின்னால் திரும்பிப் பார்த்தால் கார் இருக்காது, புல்தான் இருக்கும்.

அந்த ஸ்போர்ட்ஸ் கார் முன்வாசலில் நின்றது. குங்குமச் சிவப்பு. பக்கத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளப்பு. முன் சக்கரங்கள் இரண்டும் மரக்கட்டை மேல் ஏறியிருந்தன. கிள்ளானில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஒருவர் வாங்கப் போகிறார், அன்றைக்கு அவரும் பார்க்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாமா எங்களைப் பார்த்ததும் குஷியாகிவிட்டார். "டாக்டர், என் அக்கா தங்கச்சி புள்ளைங்க பொம்ம காடிய கொண்டுகிட்டு ஒரிஜினல் காடிய செக் பண்ண வந்துருக்குதுங்க!" என்றார். அவருக்குக் கூடப்பிறந்தது என் அம்மா ஒருத்திதான். சந்தோஷம் வந்தால் சொந்தங்களைப் பெருக்கிச் சொல்வார்.

அப்பா இரும்பு டேப்பை இழுத்துப் பிடித்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மூக்கு நுனி வரை எழுபத்தொன்பது சென்டிமீட்டர், கொஞ்சம் கூட. இருபத்து நாலால் வகுத்தால் முப்பத்து மூன்று. என் மஞ்சள் கார்தான் சரி. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். டாக்டர் கை தட்டினார். நான் எதிலும் அக்காவை ஜெயித்ததே இல்லை. படிப்பில் இல்லை, கேரம் போர்டில்கூட இல்லை. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமா சுற்றிய சுற்றில் என் காரின் ரப்பர் டயர் ஒன்று கழன்று உருண்டு நிஜக் காருக்கு அடியில் போய்விட்டது. நான் காரின் பக்கவாட்டிலிருந்து கவிழ்ந்து படுத்து உள்ளே ஊர்ந்தேன். டயரை எடுத்துக்கொண்டு தலையைத் திருப்பினால், முகத்துக்கு மேலே காரின் அடித்தகடு. ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே காரின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடித்த வெல்டிங் கோடு. வயிற்றில் ஆப்பரேஷன் செய்த தழும்பு மாதிரி. அதன் மேல் மட்டும் சரியாகக் காயாத கறுப்புத் தார் பூசியிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த பழைய தகடு. பத்து வயதுப் பையனுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று நீங்கள் எனக்குச் சலுகை கொடுக்க வேண்டாம். விளங்கியது. பின்திடலில் கிடந்த பாதிக் கார்களின் அறுத்த இடம் எங்கே முடியுமோ, அங்கேதான் அந்தக் கோடு இருந்தது.

வெளியே வந்தபோது அக்கா தனியாக டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்துகொண்டிருந்தாள். கதவின் நீளம், பின் சக்கரத்திலிருந்து வால் வரைக்கும், கூரையின் அகலம், எல்லாம் வீட்டில் இரண்டு பொம்மையிலும் அவள் அளந்து வைத்திருந்த இடங்கள். ஒவ்வொன்றாகக் கையில் பேனாவால் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் குரலை உயர்த்தவே தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அப்பா, முன் கண்ணாடிக்கு பின்னால இருக்கிறது எல்லாம் என்னோடதுக்கு சரியா வருது. தம்பியோடதுக்கு ஒண்ணுகூட வரல. முன்னால மட்டும் தம்பியோடதுக்கு சரியா வருது. பொம்ம செய்யிறவன் பாதி காடிய மட்டும் தப்பா அளப்பானா?"

"அதனால?" என்றார் அப்பா.

"என் பொம்ம சரி. இந்த காடிதான் தப்பு. இது ரெண்டு காடி. வேற மாடலோட முன்பாதி."

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உடனே அவரும் பெரிதாகச் சிரித்தார். "காடி தப்பாம், பொம்ம சரியாம்! நல்லா படிக்க வச்சீங்க மச்சான்!" ஆனால் அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ அடியில போனியே. ஒட்டு ஏதாச்சும் பாத்தியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையில் மஞ்சள் கார் இருந்தது. இப்போதுதான் ஜெயித்திருந்தேன். வாயைத் திறந்தால் மறுபடி தோற்றுப்போவேன். எனக்குப் பட்டது அவ்வளவுதான். மாமாவைக் காப்பாற்றவோ அக்காவைக் கெடுக்கவோ நான் நினைக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். "தாய்மாமன் மூஞ்சில கரிய பூசிட்டியேடி. நாளைக்கு ஒனக்கு முன்ன நின்னு எல்லாம் செய்ய வேண்டியவரு." டாக்டருக்கு முன்னாலேயே மாமாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சொன்னத செய்மா" என்றார். அவள் விழுந்தாள். அழவில்லை. முட்டியில் பட்டித் தூசி ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிடாமலேயே ரயிலில் வீடு வரைக்கும் வந்தாள். டாக்டர் காரை எடுத்துக்கொண்டார்.

வெர்னியர் இரும்புப் பெட்டிக்குள் போனது, பெட்டிக்குப் பூட்டும் வந்தது. "கையில அளவு கெடச்சா பெரியவங்கள மதிக்க மாட்டேங்குது" என்று அம்மா சொன்னதை அப்பா மறுத்துப் பேசவில்லை. விண்ணப்பத்தை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. பள்ளி திறக்கும் நாள் வரைக்கும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளி திறந்தது. பரீட்சை முடிவும் வந்தது, அவள் எல்லாவற்றிலும் நல்ல மார்க். அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய் டைப்பிங் கிளாஸில் சேர்த்தார். முப்பத்தாறு வருஷம் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் அடுத்தவர்களின் கடிதங்களை அடித்துவிட்டு அக்கா ஓய்வு பெற்றாள். ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள்.

அப்பாவைப் பற்றி இந்த வயதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வருஷக்கணக்காக ரயில் பெட்டிகளின் அடியில் படுத்து வேலை பார்த்த மனிதர் அவர். மகள் அப்படி ஒரு கணக்கைச் சொன்ன பிறகு, அவர் குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிஷம். அவர் குனியவில்லை. பார்த்தால் மச்சானைப் பகைக்க வேண்டிவரும், மனைவியோடு சண்டை வரும். மகள் எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வீட்டில் இதுதான் நடக்கிறது. மாமாவும் கொடுமைக்காரர் இல்லை. இடித்து நசுங்கிய ஒரு காரும் கப்பலில் வந்த ஒரு முன்பாதியும் கையில் இருந்தன, ஒட்டினார், ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லவில்லை. மழை பெய்தால் டாக்டரின் காலடியில் தண்ணீர் நிற்கிறது என்று பிறகு புகார் வந்தது. கதவு ரப்பர் சரியில்லை என்று மாமா மாற்றிக் கொடுத்தார். அப்போதும் வீட்டில் யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

என் மஞ்சள் காரில் பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்துவிட்டது, ஒரு தீபாவளிச் சுத்தத்தில் குப்பைக்குப் போனது. அக்காவின் வெள்ளைக் கார் கடைசி வரைக்கும் சாயம் காணவில்லை. குவாட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள் என்று நாங்கள் கிளம்பிய அவசரத்தில் அலமாரி மேலேயே விட்டுவிட்டோமா, யாராவது எடுத்தார்களா, தெரியாது. வெர்னியரை அப்பா போன பிறகு நான்தான் எடுத்துக்கொண்டேன். அளப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

நேற்று வெள்ளைப் பெட்டியையும் வெர்னியரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது அங்கேதான், நாலாவது மாடி ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால், "போன் பண்ணியிருந்தா நான் கீழ வந்துருப்பேன்லடா" என்றாள். பெட்டியையும் வெர்னியரையும் வாங்கி மேசையில் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். காரின் மேல்கூட்டை எடுத்து மூக்கை விரலால் ஒரு தடவை தடவினாள்.

தேத்தண்ணி வந்தது. ஆறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு காடிக்கு அடியில ஒட்டு இருந்துச்சுக்கா. நான் பாத்தேன்."

"தெரியும்" என்றாள், கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி?"

"அன்னைக்கு நீ போட்டிருந்த வெள்ள சட்ட. முதுகுல கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே ஒரு கோடு தாரு. நேர் கோடு. மறுநாள் மண்ணெண்ண போட்டு தேச்சது நாந்தானே. அடி பூரா தாரு அடிச்சிருந்தா சட்ட பூராவும்ல ஆகியிருக்கும்."

நாற்பத்தெட்டு வருஷம் நான் மறைத்து வைத்திருந்ததை அவள் அடுத்த நாளே துணிக்கல்லில் வைத்துத் துவைத்திருக்கிறாள்.

"அப்ப அந்த சட்டைய அப்பாகிட்ட காட்டியிருக்கலாமேக்கா."

"காட்டி? என்னைய நம்பாதவங்க சட்டையவா நம்ப போறாங்க? நீ சொல்லணும்டா. சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"எவ்ளோ நாளு?"

எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் அவளுக்கு. கூட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"ஸ்கூல் தொறக்குற வரைக்கும். அப்புறம் டைப்பிங் கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு."